மிதி, விடு, போதும்

என் அண்ணியின் வலது காலுக்கு ஒரு காலத்தில் தனி மரியாதை இருந்தது.

அண்ணன் கார் மெக்கானிக். பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர், அதில் ஒரு சின்ன ஜன்னல். அதன் கீழேதான் என் தையல் மிஷின். அப்போதெல்லாம் காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுப்பது கார்புரேட்டர். அண்ணன் பானெட்டுக்குள் தலையை விட்டு அதன் ஸ்க்ரூவைத் திருப்பும்போது, உள்ளே ஒருவர் ஆக்சிலேட்டரை மிதிக்க வேண்டும். கல்யாணமான புதிதில் வேலையாள் வராத ஒருநாள் அண்ணியைக் கூப்பிட்டு உட்கார வைத்தான். உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான். இருபத்திரண்டு வருஷம் டிரைவர் சீட்டில் இருந்தும் இன்றுவரை அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது.

"மிதி."

"விடு."

"போதும்." அண்ணன் இதைச் சொன்னால் கார் சரியாகிவிட்டது, அண்ணி இறங்கலாம்.

வீட்டுக்குள் இருவருக்கும் ஏழாம் பொருத்தம். ஒருமுறை நான்கு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஐந்தாம் நாள் ஒரு பழைய வேன் வந்தது. "மிதி" என்றான். மிதித்தாள். அன்று ராத்திரி ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

"கால்லயே குடும்பம் நடத்துறீங்க அண்ணி" என்பேன்.

"உனக்கு ஏன் வயிறு எரியுது?" என்பாள்.

அந்த மூன்று வார்த்தைகளைக் கேட்டுக்கொண்டே எத்தனை ரவிக்கை தைத்திருப்பேன்.

பிறகு கம்ப்யூட்டர் வைத்த கார்கள் வந்தன. கலவையை அதுவே பார்த்துக்கொள்ளும். அண்ணன் கையகலக் கருவி ஒன்று வாங்கி, ஸ்டீயரிங்குக்கு அடியில் செருகி, தனியாக உட்கார்ந்து எண்களைப் படித்தான். அண்ணி ஈரக் கையைத் துடைத்தபடி பட்டறை வாசலில் வந்து நிற்பாள்.

"கூப்பிட்டீங்களா?"

"இல்லையே."

ஒரு மாதம் அப்படி வந்து போனாள். அப்புறம் வருவதை விட்டுவிட்டாள். வீட்டில் சண்டைகூடக் குறைந்துவிட்டது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அந்தக் கருவியைத் தூக்கித் தெருவில் எறிய வேண்டும் போலிருக்கும்.

ஒருநாள் ஒரு டீச்சரின் கார் வந்தது. நின்ற இடத்தில் இன்ஜின் லேசாக நடுங்கியது. காற்று நுழையும் வாயில் அழுக்கு. அண்ணன் அதைத் துடைத்தான். அதோடு விட்டிருக்கலாம். பழக்க தோஷம், தொடக் கூடாதென்று பெயிண்ட் வைத்து மூடியிருந்த ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பிவிட்டான். கம்ப்யூட்டர் குழம்பிப்போனது. இன்ஜின் சத்தம் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தும் அடங்கவில்லை. டீச்சர் நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

கம்ப்யூட்டருக்கு முதலிலிருந்து பாடம் எடுக்க வேண்டுமாம். கருவியோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தது: சாவியைத் திருப்பி மூன்று வினாடி பொறுக்க வேண்டும். ஐந்து வினாடிக்குள் ஆக்சிலேட்டரை ஐந்து முறை முழுக்க மிதித்து மிதித்து விட வேண்டும். ஏழு வினாடி கழித்து மறுபடி மிதித்து, டாஷ்போர்டில் இன்ஜின் விளக்கு மின்னி நிலையாக எரியும்வரை அப்படியே இருக்க வேண்டும். உடனே விட்டு, ஸ்டார்ட் செய்ய வேண்டும். அண்ணன் புத்தகத்தைப் பார்த்தால் கால் பிந்தியது. காலைப் பார்த்தால் கணக்குத் தப்பியது. ஒன்பது தடவை முயன்றான்.

எனக்குப் பொறுக்கவில்லை. மிஷினை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியே கத்தினேன்.

"அண்ணியைக் கூப்பிட்டா உன் கிரீடம் இறங்கிடுமா?"

அண்ணன் புத்தகத்தை மூடினான். வீட்டுப் பக்கம் திரும்பி, "இந்தா, கொஞ்சம் வாயேன்" என்றான்.

அண்ணி வாசலில் நின்றாள். "நான் எதுக்கு? அதான் உங்க புது மிஷின் இருக்கே."

"அதுவும் மிதிக்கத்தான் ஆள் கேக்குது."

அண்ணி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். அண்ணன் புத்தகத்தோடு கார் ஜன்னலோரம் குனிந்தான்.

"மிதி. விடு. மிதி. விடு." ஐந்து முறை. பிறகு ஏழு வினாடி இருவரும் மூச்சுவிடவில்லை. நானும்தான். "மிதி... அப்படியே இரு... விடு."

அண்ணன் கையை நீட்டிச் சாவியைத் திருப்ப, இன்ஜின் கிளம்பியது. ஏறவில்லை, இறங்கவில்லை. ஒரே சீராக ஓடியது.

நான் துணியை மடியில் வைத்துக்கொண்டு "போதும்" வருமென்று காத்திருந்தேன். டீச்சர் வந்து கேட்டருகே நிற்கும்வரை அண்ணன் அதைச் சொல்லவேயில்லை.