குடம்புளி மாத்திரை

பாண்டீஸ்வரிக்கு ஒத்தக்கடையில் தையல் வேலை. உட்கார்ந்தே தைத்ததில் உடம்பு ஏறி, மூட்டு வலித்தது. போனில் வந்த விளம்பரத்தைப் பார்த்து குடம்புளிச் சாற்றில் செய்த மாத்திரை வாங்கினாள். பசியை அடக்குமாம், கொழுப்பைக் கரைக்குமாம். மீன் குழம்பில் போடுகிற புளிதானே, என்ன செய்துவிடப் போகிறது என்று ஒன்றுக்கு இரண்டாகவே விழுங்கினாள். இரண்டு மாதத்தில் ஒன்பது கிலோ குறைந்தது.

கல்யாண ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்த ரம்யாஸ்ரீ வாய் பிளந்தாள். "எனக்கும் குடுங்கக்கா. முகூர்த்தத்துக்குள்ள கொஞ்சம் இளைக்கணும்."

பாண்டீஸ்வரி ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்தாள்.

மூன்று வாரம் கழித்து பாண்டீஸ்வரிக்குச் சோற்றைப் பார்த்தாலே குமட்டியது. மாத்திரை நன்றாக வேலை செய்கிறது என்றுதான் நினைத்தாள். பிறகு உள்ளங்கை அரித்தது. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. வாசல் வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பார்த்த கணவன் ஜெயபாண்டி, "ஏய், கண்ணு என்ன இம்புட்டு மஞ்சளா இருக்கு?" என்று பதறி, அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான்.

ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்த டாக்டரம்மாவின் முகம் மாறியது. "கல்லீரல் ரொம்ப பாதிச்சிருக்கு. காமாலைக் கிருமி எதுவும் இல்ல. நாட்டு மருந்து, சத்து மாவு, மாத்திரைன்னு ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"ஒண்ணும் இல்லம்மா." நாக்கு தானாகப் பொய் சொன்னது. ஜெயபாண்டி பக்கத்திலேயே நின்றான். அவனுக்குத் தெரியாமல் வாங்கிய மாத்திரை, கேட்டால் என்ன சொல்வானோ.

"இன்னும் மோசமானா நினைவு தப்பும். யோசிச்சுச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார் டாக்டரம்மா.

கட்டிலில் கிடந்தவளுக்குத் திடீரென்று நினைவு வந்தது. ரம்யாஸ்ரீ! போனை எடுத்து நம்பரை அழுத்தினாள். மணி அடித்து அடித்து நின்றது. நான்காவது தடவை அவள் அம்மா ரங்கநாயகி எடுத்தாள்.

"அவ படுத்திருக்கா பாண்டீஸ்வரி. ரெண்டு நாளா வாந்தி. கல்யாண அலைச்சல்ல பித்தம் ஏறிருச்சு போல."

பாண்டீஸ்வரி எழுந்து உட்கார்ந்தாள். "அக்கா, அது பித்தமில்ல. நான் குடுத்த மாத்திரை. அதை நிப்பாட்டிட்டு உடனே இங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க. நானும் அதைத் தின்னுட்டுத்தான் இங்க கிடக்கேன்."

ரங்கநாயகி போனை வைத்தாள். ஜெயபாண்டி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். திட்டவில்லை. டாக்டரம்மாவைத் தேடி வராந்தாவில் ஓடினான்.

அன்று சாயங்காலமே ரம்யாஸ்ரீக்கும் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை பாண்டீஸ்வரி வார்டின் கதவையே பார்த்துக் கிடந்தாள். அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் தான் பிழைத்து எழுந்து என்ன பயன் என்று தோன்றியது.

"ஆரம்பத்துலயே வந்துட்டாங்க. மாத்திரையை நிறுத்தினதே போதும், சரியாயிடும்" என்றார் டாக்டரம்மா. "உங்களுக்குத்தான் நாளாகும்."

பாண்டீஸ்வரி வீடு திரும்பப் பத்தொன்பது நாள் ஆனது. அதற்குள் ரம்யாஸ்ரீயின் கல்யாணமும் முடிந்திருந்தது. ரங்கநாயகி ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. ஜாக்கெட் துணிகளையும் ஆள் அனுப்பித் திரும்ப வாங்கிக்கொண்டாள். ரம்யாஸ்ரீ மட்டும் புகுந்த வீட்டிலிருந்து ஒருநாள் கூப்பிட்டாள். "அக்கா, எனக்கு எல்லாம் நார்மல்னு சொல்லிட்டாங்க. உங்களுக்கு?"

"அடுத்த வாரம் மறுபடி ரத்தம் எடுத்துப் பாக்கணும்மா" என்றாள் பாண்டீஸ்வரி.