ரீச்சருக்கு அனுப்பிய ரோசாப்பூக்கள்

பலெர்மோவில் வீட்டு வேலை செய்யும் நான், சில வருடங்களுக்கு முன் மாலை நேர இத்தாலிய மொழி வகுப்பில் சேர்ந்தேன். முதல் நாளே ரீச்சர் தன் வட்ஸ்அப் இலக்கத்தைத் தந்து, அவசரம் என்றால் எழுதச் சொன்னார். படிப்பிக்கிறவருக்கு வணக்கம் சொல்லாமல் இருப்பது மரியாதையில்லை என்று நினைத்து, நான் தினமும் காலையில் ஒரு ரோசாப்பூப் படம் அனுப்பினேன். வெள்ளிக்கிழமைகளில் முருகன் படம். பதில் வராததை நான் பொருட்படுத்தவே இல்லை.

வகுப்பு முடிவில் நடக்கும் மொழிச் சோதனைக்குக் குறித்த அதே நாளில், வதிவிட அனுமதியான பெர்மெசோ விஷயமாகப் பொலிஸ் அலுவலகமான குவெஸ்தூராவுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. சோதனைக்கு வேறு நாள் கேட்டு ரீச்சருக்கு எழுதினேன். மூன்று நாளாகியும் பதில் இல்லை. சோதனையில் பாஸ் பண்ணினால் கிடைக்கும் சான்றிதழ் இல்லாவிட்டால் நீண்டகால பெர்மெசோவுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. கணவரிடம் சொன்னேன்.

"ஒவ்வொரு நாளும் பூவை அனுப்பினா அந்த மனுசி எதையெண்டு பாக்கிறது? நேரிலை போய்க் கதையும்," என்றார் கணவர்.

போனேன். ரீச்சர் தன் போனை எடுத்துப் பார்த்தார். ஒரு ரோசாவுக்கும் முருகனுக்கும் நடுவில் என் செய்தி வாசிக்கப்படாமல் கிடந்தது.

"மன்னியுங்கள் சினியோரா, வெறும் படங்கள்தானே என்று நான் திறப்பதையே விட்டுவிட்டேன்," என்றார். பெயர்ப்பட்டியல் கொடுக்க அன்றுதான் கடைசி நாளாம். என்னை அடுத்த கிழமைச் சோதனைக்கு மாற்றினார்.

இப்போதெல்லாம் எந்த ஆசிரியருக்கு எழுதினாலும் என் பெயர், வகுப்பு, விஷயம் எல்லாவற்றையும் ஒரே செய்தியில் எழுதிவிடுகிறேன். படம் அனுப்புவதே இல்லை.

நான் பாஸ் என்று ரீச்சர் எழுதிய செய்தியின் கீழே ஒரு ரோசாப்பூ இருந்தது. பதிலுக்கு அனுப்பக் கை துருதுருத்தது. நன்றி என்று மட்டும் எழுதினேன்.