சிஃபா ஊறுகாயின் உரிமைக்காரி

ஆரணியிலிருந்து பழவேற்காட்டுக்கு மருமகளாக வந்த மெஹர்னிசாவுக்கு யாரிடமும் குழைந்து பேச வராது. அதனாலேயே புகுந்த வீட்டில் அவளுக்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர். கும்மிடிப்பூண்டியில் கணவன் இஜாஸ் வேலை பார்த்த கம்பெனியை மூடியதும் அவன் துபாய்க்குப் போனான். இவள் இறால் ஊறுகாய் போட்டு விற்கத் தொடங்கினாள். மகள் சிஃபாவின் பெயரையே ஊறுகாய்க்கும் வைத்தாள்.

2007-இல் இஜாஸ் அந்தப் பெயரில் ஒரு வெப்சைட் போட்டுக் கொடுத்தான். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆர்டர் வந்தது. வெப்சைட்டுக்குப் பெயர் பதிந்தால் எல்லாம் பதிந்தாயிற்று என்று இருவரும் நம்பியிருந்தார்கள். தின்பண்டம் விற்பதற்கான லைசென்ஸைக் கூரியர்காரர் கேட்ட பிறகுதான் விழித்துக்கொண்டார்கள்.

அந்த வீட்டில் ஆபீஸ் வேலைக்கு ஆண்கள்தான் போக வேண்டும். பெண் படியேறினால் மானம் போய்விடுமாம். எனவே இஜாஸின் அண்ணன் அஸ்கர் அலி கிளம்பினார். வெங்காயம் உரிக்கத் தெரியாத அந்த மகானுபாவர், ஊறுகாயின் பெயரைத் தன் பெயரில் பதிந்துகொண்டு, லைசென்ஸுக்கும் தன் பெயரிலேயே மனுப் போட்டுவிட்டு வந்தார்.

"ஒரே குடும்பம்தானே, யாரு மேல இருந்தா இன்னா?" என்றார். மெஹர்னிசாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

இடம் பார்க்க ஃபுட் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றதும்தான் அஸ்கர் அலிக்கு அவள் சமையல்கட்டு ஞாபகத்துக்கு வந்தது. முன்கூட்டியே வந்து நின்றார்.

"சமையலுக்கு இருக்குறேன்னு மட்டும் சொல்லு, மெஹரு. லைசென்ஸ் வந்துரும், உன் யாவாரமும் நிக்காது."

அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டால் அடுப்பு எரியும். தன் சொந்தச் சரக்குக்கே கூலிக்காரியாக இருக்கலாம்.

இன்ஸ்பெக்டர் வந்தார். பாத்திரங்களைப் பார்த்தார். "யாரும்மா நடத்துறது?" என்று கேட்டார்.

"நான்தான் சார். இவுருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. ஊடு என்னுது, அடுப்பு என்னுது. லைசென்ஸ் மட்டும் என்கிட்ட இல்ல."

மனுவை அங்கேயே நிராகரித்தார் இன்ஸ்பெக்டர். "லைசென்ஸ் வாங்குற வரைக்கும் நீங்களும் விக்கக் கூடாதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அஸ்கர் அலிக்கு முகம் கறுத்துவிட்டது. "பேரு இன்னும் என்கிட்டதான் இருக்குது. உன் வயித்துல நீயே அடிச்சுக்கினியே, இன்னாத்த கண்டே?"

மெஹர்னிசா அடுப்பை அணைத்தாள்.

"நானேதான் அடிச்சுக்கினேன், மச்சான். உங்கள அடிக்க வுடல."