கேசட்டின் மேல் என் பெயர்

எண்பதுகளில் பாலக்கோடு சர்க்கரை ஆலை அலுவலகத்தில் பணியாற்றிய பட்டதாரிகளுள் நானும் ஒருவன். ஊரில் என் சொல்லுக்கு மதிப்பிருந்தது.

சித்தேரி மலைக்காரர் ஒருவர் தாமே இயற்றிப் பாடிய பாடல்களைத் தம் செலவிலேயே கேசட்டாகப் பதிவு செய்திருந்தார். மலைக்கு வெளியே அவற்றைக் கேட்டவர்கள் மிகக் குறைவு. அந்தக் குறை என்னை உறுத்தவே, என் பிரதியைத் தருமபுரிப் பேருந்தின் ஓட்டுநரிடம் கொடுத்துப் போடச் சொன்னேன். இரவல் தரும் கேசட்டின் மேல் சொந்தக்காரர் தம் பெயரை எழுதுவது அந்நாளைய வழக்கம். நானும் எழுதினேன், பாடகரின் பெயரை எழுதத் தவறினேன்.

மறுவாரம் அப்பேருந்தில் ஏறியபோது அவர் பாடல் ஒலித்துக்கொண்டிருந்தது. நடத்துநர் என்னைக் கண்டு சிரித்தார்.

"பாடறது நீங்கதானுங்களே சார்? கேக்கறவங்களுக்கெல்லாம் உங்க பேரத்தான் சொல்லிட்டிருக்கறனுங்க."

தக்காளிக் கூடையோடு அமர்ந்திருந்த அம்மாள் விடவில்லை. "ஆபீசுல ஃபேனுக்கடியில உக்காந்துட்டு மலப்பாட்டு எப்பிடிங்க வருது?"

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாடகருக்குச் சேர வேண்டிய பெயர் ஒரு வாரமாக என்னிடம் வந்துகொண்டிருந்தது. ஓடும் பேருந்திலேயே எழுந்து நின்று, பாடியவர் யார், எந்த ஊர் என்று உரக்கச் சொன்னேன். கேசட்டை வாங்கி, என் பெயரை அடித்து அவர் பெயரை எழுதினேன். அவ்வாண்டு ஏரியூர்த் திருவிழாவில் பாட அவரை அழைத்தார்கள்.

அப்பாடல்களை என்னுடையவை என்று நான் சொல்லிக்கொண்டதாக இன்றும் சிலர் கூறுகின்றனர். அது தவறு. கேசட் என்னுடையது, பாடல்கள் அவருடையவை.