சத்தம் நின்ற லேப்டாப்

என் மகள் மூன்று வருடமாக என்னோடு பேசவில்லை. கிணத்துக்கடவில் அவள் அம்மாவோடு இருக்கிறாள், பத்தாவது படிக்கிறாள். நான் ஒன்பதாவதோடு நின்றவன். போர்வெல் லாரியில் ஆந்திரா, ஒடிசா என்று சுற்றிவிட்டு, போன வருடம் கோவை கணபதியில் ஒரு பம்ப் பட்டறையில் வந்து ஒட்டிக்கொண்டேன். சொல்லாமல் கிளம்புவது என் பழக்கம். அவர்களை விட்டும் அப்படித்தான் கிளம்பினேன்.

ஒரு திங்கட்கிழமை அவளிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டின் பெயர், அதற்குக் கீழே: "சனிக்கிழமை ஆறு மணிக்கு இதுக்குள்ள வாங்க, பேசலாம். ஃபோன் பண்ணுனா எடுக்க மாட்டேன். பாதில போனீங்கன்னா அவ்வளவுதான்."

என்னிடம் இருந்தது முதலாளி வீட்டில் ஒதுக்கிப்போட்ட பழைய லேப்டாப். பட்டறையில் லேத் ஓட்டுகிறவர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கம்ப்யூட்டர் வைத்துத் திரையில் பாட்டுவரி போடுகிறவர், விஷயம் தெரிந்தவர். சோற்று நேரத்தில் அவரிடம் காட்டினேன். விளையாட்டுக்கு என்னென்ன வேண்டும் என்று ஃபோனில் பார்த்து, ஜாதகம் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாக லேப்டாப்போடு ஒப்பிட்டார்.

"ஏனுங்க, எட்டு ஜிபி ராம் கேக்குது. இதுல நாலுதான் இருக்குதுங்க."

"இன்னொரு நாலு போட்டா?"

"போடலாமுங்க. கிராபிக்ஸ் கார்டு தனியா இல்லீங்களே. மொபெட்டுல பம்ப்செட்டை ஏத்திப்போட்டு வால்பாறைக்குப் போலாம்ங்கறீங்க."

"பத்து நிமிசம் ஓடுனாப் போதுமுங்க."

"பத்து நிமிசத்துக்கு எவனுங்க கேம் ஆடுவான்?" என்று சிரித்தார். காரணத்தைச் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டு, மீதிச் சோற்றைச் சாப்பிட்டார். மறுநாள் எங்கிருந்தோ ஒரு ராம் கொண்டுவந்து அவரே மாட்டினார்.

வெள்ளிக்கிழமை ஓட்டிப் பார்த்தோம். படத்தின் தரத்தை முடிந்தமட்டும் குறைத்த பிறகு ஓடியது. மரங்கள் கஞ்சிபோல் தெரிந்தன. ஃபேன் கத்தியது. எட்டாவது நிமிடத்தில் கீபோர்டில் கை வைக்க முடியவில்லை.

"சூடு தொண்ணூத்தஞ்சுல நிக்குதுங்க. நூறைத் தொட்டா தானா ஆஃப் ஆயிரும். உள்ள தூசி அடைச்சுக் கெடக்குது, அதை மட்டும் எடுத்துப்போடுங்க, எப்பிடியோ ஓடீரும்."

பட்டறையில் தூசி என்றால் கம்ப்ரசர்தான். இரும்புத் தூள், சட்டை, தலைமுடி, சாப்பாட்டுக்கு முன் கை, எல்லாவற்றுக்கும் அதே காற்றுக் குழாய். சனிக்கிழமை வேலை முடிந்ததும் லேப்டாப்பைக் கவிழ்த்து, அடித்துளையில் குழாயை வைத்து அழுத்தினேன். சாம்பல் கட்டிகளாகத் தூசி பறந்தது. உள்ளே ஃபேன் குளவிபோல் கீச்சிட்டுச் சுழன்றது. பிறகு சின்னதாக ஒரு முறிகிற சத்தம். என் புறங்கையில் ஈரம் தெறித்தது. கம்ப்ரசர் டேங்கில் சேர்ந்த தண்ணீரை யாரும் வடிக்காமல் நாளாகியிருந்தது. கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டேன்.

ஐந்தே முக்காலுக்கு அறையில் லேப்டாப்பை ஆன் பண்ணினேன். துளி சத்தமில்லை. நேற்று அப்படிக் கத்தியது இன்று இவ்வளவு அமைதியாகிவிட்டதே என்று சந்தோஷமாக இருந்தது.

ஆறு மணிக்கு விளையாட்டு திறந்தது. ஓர் ஆற்றங்கரை. மஞ்சள் கோட்டு போட்ட பொம்மை ஒன்று என்னைப் பார்த்து நின்றது. ஹெட்போனில் அவள் குரல். கனத்திருந்தது. நான் விட்டுவந்த குரல் இல்லை.

"வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன் கண்ணு."

"கண்ணு கிண்ணுன்னெல்லாம் கூப்பிடாதீங்க." என் பொம்மை தடுமாறி ஒரு சுவரில் முட்டியது. "ஏன் செவுத்துல போய் முட்டறீங்க? குடிச்சிருக்கீங்களா?"

"இல்ல அம்மணி. லேப்டாப்பு பழசு."

சிரித்துவிட்டாள். அவள் பொம்மை ஆற்றோரமாக நடந்தது, நான் திக்கித் திக்கிப் பின்னால் போனேன். மணிக்கட்டுக்குக் கீழே அனல் ஏறியது. பிளாஸ்டிக் வாடை அடித்தது. ஹெட்போனை ஒரு பக்கம் விலக்கி, லேப்டாப்பில் காதை வைத்துக் கேட்டேன். ஃபேன் ஓடவே இல்லை.

மஞ்சள் கோட்டு நின்று திரும்பியது.

"அன்னிக்கு ஏன் சொல்லாமப் போனீங்க?"

மூன்று வருடமாக இதற்கு ஒரு பதில் வைத்திருந்தேன். அதை எங்கே தொடங்குவது என்று யோசித்தேன். வாயைத் திறப்பதற்குள் திரை கறுத்துவிட்டது.

பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தேன், வரவில்லை. ஃபோனை எடுத்து, 'லேப்டாப் சூடாகி ஆஃப் ஆயிருச்சு, நான் போகலை' என்று அனுப்பினேன். ஒரு டிக் மட்டும் விழுந்தது. ஏழு மணிக்குப் பார்த்தபோதும் ஒன்றுதான். அவள் படம் இருந்த இடத்தில் வெறும் சாம்பல் வட்டம் இருந்தது.