கழுதைமேட்டுக்காரர் வீட்டுக் கல்யாணம்

தேனாம்பேட்டையில் ஆட்டோ சீட்டுக்கு ரெக்சின் தைக்கும் பீர் முஹம்மதுவிடம் யாராவது சொந்த ஊரைக் கேட்டுவிட்டால் போதும், தையல் மெஷின் நின்றுவிடும். கழுதைமேடு என்பார். கேட்டவர் சிரித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து கதையை ஆரம்பிப்பார்.

துணி மூட்டையோடு ஊர் ஊராகப் போன அவருடைய முப்பாட்டனின் கழுதை, இராமநாதபுரத்துப் பக்கம் ஒரு மேட்டில் படுத்துவிட்டதாம். மனுஷன் அதட்டியும் பார்த்தார், கொஞ்சியும் பார்த்தார். எழவில்லை. உன் இஷ்டம் என்று அங்கேயே குடிசை போட்டார். நாளடைவில் அது ஊரானது. தனியாகப் பெயர் வைக்க யாரும் மெனக்கெடவில்லை. பிறகு கிணறுகள் உப்பாகிப்போக, ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பியது. கடைசியாக வீட்டைப் பூட்டியவர் பீர் முஹம்மதுவின் அத்தா. இப்போது அங்கே சீமைக்கருவேலம்தான் இருக்கிறது. யாருமே இல்லாத ஊரில் பூட்டு எதற்கு என்று பீர் முஹம்மது சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

மகள் ரூஹிக்குக் கல்யாணம் நிச்சயமானபோது வம்பு வந்தது. பத்திரிகையில் தன் பெயருக்கு முன்னால் ஊர்ப் பெயர் வரவேண்டும் என்றார். மாப்பிள்ளையின் அம்மா உம்மே ஹானிக்கு முகம் சுருங்கிவிட்டது. உறவுக்காரர்கள் கேலி பேசுவார்கள், வீடு இருக்கும் திருவல்லிக்கேணியையே போடலாமே என்றார். மனைவி சகினாவும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டாள். இந்தப் பத்திரிகையிலும் இல்லையென்றால் அந்தப் பெயர் வேறு எங்கேதான் இருக்கும் என்பது இவருடைய கவலை. ஆனால் மகள் போகிற வீட்டில் அவளுக்குத் தலைகுனிவு வரலாமா? அந்த வாரம் தைத்த சீட்டெல்லாம் கோணல். கடைசியில், எடுத்துவிடுங்கள் என்றார்.

பத்திரிகை அச்சாகி வந்தது. முதல் வரியிலேயே கழுதைமேடு, கொட்டை எழுத்தில்.

"நான்தான் பிரஸ்ல சொன்னேன் அத்தா," என்றாள் ரூஹி. "நம்ம ஊருக்கு இன்னா கொறச்சல்?"

உம்மே ஹானி இரண்டு நாள் பேசவில்லை. அதற்குள் பத்திரிகை வாட்ஸ்அப்பில் எங்கெங்கோ சுற்றிவிட்டது.

கல்யாணத்தன்று மண்டபத்துக்குள் முன்பின் தெரியாதவர்கள் குடும்பம் குடும்பமாக வரத் தொடங்கினார்கள். மாப்பிள்ளை வீட்டார் என்று பீர் முஹம்மது நினைத்தார். மாப்பிள்ளை வீட்டாரோ, பெண் வீட்டார் என்று நினைத்தார்கள். வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நாங்க தாம்பரத்துல கீறோம். இத்தினி வருஷமா ஊரு எதுன்னு கேட்டா பரமக்குடின்னு சொல்லிகினு இருந்தோம். பத்திரிகையப் பாத்ததும் வெக்கமாப் போச்சு. நாங்களும் கழுதமேடுதான்."

பீர் முஹம்மதுவுக்குக் கண் நிறைந்தது. பிரியாணி பற்றாமல் போனது. இன்னொரு தேக்சா நிறையச் சோறு ஆக்கி வர ஆளை விரட்டியது உம்மே ஹானிதான். கழுதைமேட்டுக்காரர்கள் சாப்பிடாமல் போகக்கூடாது என்று வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

பீர் முஹம்மது பந்தி பந்தியாகப் போய், கிணற்றுக்கு எந்தப் பக்கம் உங்கள் வீடு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் சாப்பிட்டாரா என்பது யாருக்கும் நினைவில்லை.