அளவில்லாச் சாப்பாடு

மாமாவைக் கப்பலேற்றப் போனபோதுதான் காசுக்குச் சோறு விற்கும் கடையை முதன்முதலாகப் பார்த்தேன். வெள்ளைக்காரன் காலம், எனக்கு ஏழெட்டு வயதிருக்கும். கொல்லிமலையில் எங்கள் ஊரில் யார் வீட்டு வாசலில் போய் நின்றாலும் களியோ கூழோ கிடைக்கும். சோற்றையும் விற்பார்கள் என்று அப்பா சொன்னபோது, வழக்கம்போலக் கதை விடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

மாமா அம்மாவின் தம்பி. அவர் ஆசைப்பட்ட பெண்ணுக்குப் பரிசம் போட அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, சம்மதிக்கவில்லை. அந்தத் தையிலேயே அவளை வேறு இடத்தில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு மாமா அப்புச்சியோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பேளுக்குறிச்சிச் சந்தைக்கு மிளகு கொண்டுபோன இடத்தில் ஒரு கங்காணியைப் பார்த்து, மலாயாவுக்கு ரப்பர்த் தோட்ட வேலைக்கு வருவதாகச் சொல்லிவிட்டு வந்தார். அப்புச்சி போகாதே என்று சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தம்பி நின்றிருப்பான் என்று அம்மா வெகுகாலம் புலம்பிக்கொண்டிருந்தாள்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. தூரதேசம் போகிறவர் கடைசியாகச் சாப்பிடும்போது ஒரு வாய் சோற்றை மிச்சம் வைக்க வேண்டும். கூடப்பிறந்தவளோ பெற்றவளோ அதை எடுத்துத் தின்பாள். சாப்பாட்டை முடிக்காமல் போனவர் அதை முடிக்கத் திரும்பி வந்துதானே ஆக வேண்டும்? மாமாவோ கிளம்புகிற அன்று பசியில்லை என்று தட்டில் கையே வைக்கவில்லை. அதனால்தான் அப்புச்சி, துறைமுகம் வரைக்கும் கூடப் போய் அந்த ஒரு வாயை வாங்கிக்கொண்டு வரும்படி அம்மாவை அனுப்பினார். துணைக்கு அப்பா போனார். அழுது அடம்பிடித்து நானும் ஒட்டிக்கொண்டேன். இந்த வழக்கமெல்லாம் எனக்குத் தெரிந்தது பல வருஷம் கழித்து. என் நினைவுக்கு அதற்குமுன் எங்கள் வீட்டிலிருந்து யாரும் தூரதேசம் போனதில்லை.

மலையிறங்கி, பஸ்ஸேறி, ரயிலேறி நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தோம். கடலைப் பற்றி எனக்குப் பெரிதாக ஒன்றும் நினைவில்லை. கடைகள்தான் நினைவிருக்கின்றன. காலையில் ஒரு காபிக் கிளப்பில் அப்பா எனக்குக் காபி வாங்கித் தந்தார். ஒரே கசப்பு, குடித்துவிட்டு இன்னொன்று கேட்டேன். இரவு ஒரு மரைக்காயர் கடையில் இடியாப்பம். அப்பா அதைப் பிய்க்கத் தெரியாமல் நூல்நூலாக உருவிக்கொண்டிருந்தார். கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு குழம்பைத் தாராளமாக ஊற்றினார். இரண்டு இடத்திலும் மாமா எதையும் தொடவில்லை. அம்மாவின் கண் மட்டும் அவரையே சுற்றிக்கொண்டிருந்தது.

மறுநாள் சாயங்காலம் கப்பல். மத்தியானம் ஒரு சாப்பாட்டுக் கிளப்புக்குப் போனோம். பெண்பிள்ளைகள் கடையில் உட்கார்ந்து சாப்பிடுவது அங்கே பழக்கமில்லை போலிருக்கிறது. ஒரு மூலையில் தட்டி மறைவில் எங்களை உட்கார வைத்தார்கள். இலை போட்டு, வெள்ளை வெளேரென்று அரிசிச் சோற்றைக் குவித்தார்கள். எங்களுக்கு அது பொங்கலுக்கும் நோம்பிக்கும் மட்டும் கிடைக்கிற பண்டம். பரிமாறுகிறவர் வாளியோடு நின்று, "சோத்துக்கு இங்க அளவு கெடையாது. எவ்வளவு வேணுமோ கேட்டு வாங்கிச் சாப்பிடுங்க" என்றார். அவரை விட நல்ல மனிதர் உலகத்தில் இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது.

மாமா அன்று சாப்பிட்டார். தலையைக் குனிந்துகொண்டு மடமடவென்று சாப்பிட்டு, இலையை விரலால் வழித்து நக்கிவிட்டார். எதிரே உட்கார்ந்திருந்த அம்மா தன் இலையைத் தொடவே இல்லை. "இவனுக்கு இன்னுங் கொஞ்சம் போடுங்க" என்றாள்.

"போதுங்க" என்று மாமா இலைக்கு மேலே கையை விரித்தார்.

"கூச்சப்படாதீங்க தம்பி" என்று பரிமாறுகிறவர் கைக்குப் பக்கத்திலேயே இரண்டு கரண்டி தட்டினார். மாமா அதையும் சுத்தமாகத் தின்று முடித்தார். அம்மா மறுபடியும் போடச் சொன்னாள். அவர் மறுபடியும் போட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காவுக்கும் தம்பிக்கும் போட்டி நடக்கிறது என்று முடிவு கட்டி, மாமாவின் பக்கம் சேர்ந்துகொண்டேன். அப்பாவோ இலையிலிருந்த அப்பளத்தைப் பொடிப்பொடியாக நொறுக்கிக்கொண்டிருந்தார்.

ரசச் சோறு வந்தபோது மாமாவுக்கு வியர்த்துக் கொட்டியது, கண்ணிலும் தண்ணீர். ரசத்தில் போட்டிருப்பது எங்கள் மலை மிளகாகத்தான் இருக்கும் என்று எனக்கு ஒரே பெருமை.

"மெல்லத் தின்னு சாமி" என்றாள் அம்மா.

"பசிக்குதக்கா" என்றார் மாமா, நிமிராமலே.

கடைசிப் பருக்கையையும் எடுத்துப் போட்டுக்கொண்டு அவரே இலையை மடக்கி எடுத்துப்போய்த் தொட்டியில் எறிந்தார். அம்மா அதற்குமேல் சோறு கேட்கவில்லை. இலை இருந்த இடத்து ஈரத்தைத் தன் கையாலேயே வழித்துத் துடைத்தாள். கடையில் அதற்கென்று ஆள் இருந்தான்.

சாயங்காலம் மாமா படகில் ஏறிக் கப்பலுக்குப் போனார். அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. சில வருஷத்தில் சண்டை வந்து மலாயாவை ஜப்பான்காரன் பிடித்தான். சண்டை முடிந்து எத்தனையோ பேர் திரும்பி வந்தார்கள். மாமா வரவில்லை.

நாங்கள் மலையேறி வீட்டுக்கு வந்தபோது அப்புச்சி வாசலில் காத்திருந்தார். "வெச்சானா?" என்று மட்டும் கேட்டார்.

"வெச்சானுங்கப்பா. நாந்தான் தின்னேன்" என்றாள் அம்மா.

எனக்குப் பொறுக்கவில்லை. மாமாவின் வெற்றியை எடுத்துச் சொல்ல ஆள் வேண்டாமா? "இல்லீங்க அப்புச்சி, மாமா ஒரு பருக்கைகூட வெக்கல. போடப் போட வழிச்சுத் தின்னுட்டாரு" என்றேன்.

அம்மா என் தோளைப் பிடித்தாள். அப்புச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத் தின்னானா கண்ணு?"

"ஆமாங்க."

"செரி. பசியோட போகல" என்றார். எழுந்து தோட்டத்துப் பக்கம் நடந்துவிட்டார்.

அன்று முழுக்க அம்மா என்னோடு பேசவில்லை. தம்பியிடம் தோற்றுப்போனதை ஒத்துக்கொள்ள அவளுக்கு மனசில்லை என்று நினைத்துக்கொண்டேன்.